காற்றுக்குப் பதினைந்து

ரெட்ரூத், கார்ன்வால்
1852 மார்ச் 3

அன்புத் தம்பி டிகொரிக்கு,

அக்கா கெசையா எழுதுகிறேன். அம்மாவுக்கு இருமல் விட்டது. எனக்கு என்றைக்கும்போல ஒன்றுமில்லை. மெக்சிகோ மலைக்குளிர் உன் முழங்காலுக்கு ஒத்துக்கொள்கிறதா என்பதை முதலில் எழுது, மற்றதெல்லாம் பிறகு.

சான் அமாரோ சுரங்கத்தின் நீர் இறைக்கும் இயந்திரத்துக்கு நீ கேட்ட கணக்கை முடித்துவிட்டேன். உருளைக்குள் பிஸ்டன் பத்தடி போக வேண்டும். முதல் மூன்றடி நாலங்குலம் வரைக்கும்தான் நீராவியை உள்ளே விடுவாய். பிறகு வால்வை மூடிவிட்டால், அடைபட்ட நீராவி தானே விரிந்து மீதித் தூரத்தைத் தள்ள வேண்டும். இடம் இரண்டு மடங்கானால் அழுத்தம் பாதி. இப்படி அடிக்கு அடி இளைத்துக்கொண்டே போகிற ஒன்று மொத்தத்தில் எவ்வளவு வேலை செய்யும் என்பதுதானே உன் கேள்வி?

அழுத்தமானி இருபது ராத்தல் காட்டும் என்றாய். அது வெளிக்காற்றைவிட எவ்வளவு அதிகம் என்பதை மட்டும் காட்டுகிற கருவி. ஆகவே நம் ஊர் வழக்கப்படி காற்றுக்குப் பதினைந்தைக் கூட்டி, முப்பத்தைந்து என்று வைத்துக்கொண்டேன். மூன்றடி நாலங்குலம் வரை முப்பத்தைந்து. ஆறடி எட்டங்குலத்தில் அதில் பாதி. பத்தடியில் மூன்றில் ஒன்று. புள்ளிகளைச் சேர்த்தால் சறுக்குமரம் போல ஒரு வளைகோடு வந்தது. கோட்டுக்குக் கீழே அடைபட்ட இடம்தான் வேலை. அதை அளக்கத்தான் பாடு. நான் என்ன செய்தேன் தெரியுமா? தடித்த தாளில் வரைந்து, கத்தரியால் வெட்டி, மருந்துக்கடைத் தராசில் எடை போட்டேன். முழு அழுத்தத்தோடு பத்தடியும் போனால் வரும் செவ்வகத் தாள் நூறு கிரெயின். என் வளைகோட்டுத் துண்டு எழுபது. ஆகச் சராசரி, சதுர அங்குலத்துக்கு இருபத்துநாலரை ராத்தல். உன் பாரத்துக்கு அது தாராளம்.

கடைக்கார பாஸ்கோ ஐயா மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, "கெசையா, வெறும் காகிதத்த எந்த நோயாளிக்கும்மா நிறுக்கிற?" என்றார். "மெக்சிகோவுல ஒருத்தனுக்கு மண்டையில ஒண்ணும் இல்லையாம், அதுக்குத்தான்" என்றேன். சிரித்துவிட்டு, தராசை நான் வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். அவருக்கு நான் நன்றிக்கடன் பட்டவள். உனக்கும்தான். நீ கணக்கு அனுப்பாத மாதங்களில் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

உன் நலமே வேண்டும்,
கெசையா


சான் அமாரோ
1852 மே 20

அன்புள்ள அக்கா,

உன் தம்பி திடமாக இருக்கிறேன். முழங்காலும் அப்படியே. அம்மாவின் இருமல் விட்டதைப் படித்த பிறகுதான் மூச்சு வந்தது.

உன் தாள் வந்த அன்று கேப்டன் ட்ரெகியர் (இங்கே சுரங்கத்துக்குத் தலைவர், நம் ஊருக்குப் பக்கத்துக் கேம்போர்ன்காரர்) அதை எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். "இது என் அக்கா போட்டது" என்று சொல்லித்தான் கொடுத்தேன். "பொம்பளை போட்டா என்ன, பூனை போட்டா என்ன, கணக்கு கணக்குதான்" என்றார். அவர் வாயிலிருந்து வந்தால் அது பாராட்டு.

இயந்திரம் ஏற்றியாகிவிட்டது. கொதிகலனுக்கு விறகு போடுகிற அடுப்புக்காரர் எவுசேபியோ என்பவர் நாள் முழுக்கப் பாடுகிறார். கொதிகலனுக்குப் பாட்டு கேட்டால்தான் கோபம் வராதாம். எனக்கு ஸ்பானிய மொழி வந்ததெல்லாம் அவரிடமிருந்துதான், கெட்ட வார்த்தைகள் உட்பட. அவர் மனைவி ரெஃபூஹியா கொடுத்தனுப்பும் சோள ரொட்டியில் எனக்கும் ஒரு பங்கு வந்துவிடும். அவர்கள் இல்லாவிட்டால் நான் பட்டினிதான். ஏனென்றால் இங்கே நம் ஆட்கள் வைக்கும் அவரைப் பருப்பு காலையில் அடுப்பேற்றினால் மாலை வரைக்கும் கல்லாகவே கிடக்கிறது. தேநீரும் சூடேறாமல் சப்பென்று இருக்கிறது. ரெஃபூஹியா எங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்.

ஒரு சின்னச் சிக்கல். பிஸ்டன் பத்தடி போக வேண்டியது எட்டடியில் நின்றுவிடுகிறது. ஒவ்வொரு வீச்சிலும் இரண்டடி குறைந்தால் தண்ணீர் எப்படி ஏறும்? அடிமட்டத்தில் இப்போதே இடுப்பளவு நிற்கிறது. அழுத்தமானியைப் போய்ப் பார்க்கும்போதெல்லாம் சரியாக இருபது காட்டுகிறது. கணக்கை இன்னொரு முறை பார்த்துவிடு அக்கா.

உன் தயவை மறவாத,
டிகொரி


ரெட்ரூத்
1852 ஜூலை 18

தம்பி டிகொரிக்கு,

நாங்கள் இருவரும் சுகம். நீ பருப்பு தின்கிறாயோ கல் தின்கிறாயோ, உடம்பு இளைக்காமல் பார்த்துக்கொள். ரொட்டி கொடுக்கும் அந்தப் புண்ணியவதிக்கு என் வணக்கத்தைச் சொல்.

மூன்று முறை வரைந்து மூன்று முறை வெட்டி மூன்று முறை நிறுத்தேன். அறுபத்தொன்பதரை, எழுபது, எழுபது. கணக்கில் பிசகில்லை. இருபது ராத்தல் நிஜமாக இருந்தால் பிஸ்டன் பத்தடி போயே தீர வேண்டும். போகவில்லை என்றால் இருபது இல்லை என்றுதான் பொருள். வால்வு ஒழுகுகிறதா பார். அடுப்பையும் பார். நீ வந்து எட்டிப் பார்க்கும்போது இருபது, நீ திரும்பியதும் எத்தனையோ? உன் பாட்டுக்கார நண்பர் பாடிக்கொண்டே தூங்கிவிடுகிறாரோ என்னவோ. இல்லை, விறகு பாதி வழியில் வேறு வீட்டு அடுப்புக்குப் போய்விடுகிறதோ!

அம்மா உனக்காகக் குங்குமப்பூ கேக் சுட்டு, அனுப்ப வழியில்லாமல் என்னையே தின்னச் சொன்னார். உன் பெயரைச் சொல்லித் தின்றேன். நன்றாக இருந்தது.

நலம் நாடும்,
கெசையா


சான் அமாரோ
1852 செப்டம்பர் 14

அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறேன். உன் கடிதம் வந்தது. கணக்கைத் திரும்பப் பார்த்ததற்கு நன்றி. கேப்டனும் கடிதத்தை வாங்கிப் படித்தார்.

அடுப்பைப் பார்க்க இப்போது ரெட்ரூத்திலிருந்து வந்த ஆள் ஒருவன் இருக்கிறான். பிஸ்டன் இன்னும் எட்டடியில்தான் நிற்கிறது. தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. மழையும் விடவில்லை.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

டிகொரி


ரெட்ரூத்
1852 நவம்பர் 12

தம்பி,

உடம்பு எப்படி என்று கேட்கப்போவதில்லை. நீ எழுதியது பத்து வரி. காய்ச்சலில் கிடந்தபோதுகூட நீ இரண்டு பக்கம் எழுதியவன். எவுசேபியோ எங்கே? அவரைப் பற்றி ஒரு சொல் இல்லை. ரொட்டியைப் பற்றியும் இல்லை. என் கடிதத்தைக் கேப்டன் படித்தார் என்கிறாய். நான் கேலிக்கு எழுதியதையும் படித்தாரா? பதில் எழுது, மழுப்பாதே.

ஆனால் அதற்கு முன் இதைப் படி. படித்ததும் வால்வண்டைக்கு ஓடு.

போன வாரம் இங்கே பெரும்புயல். கடைச் சுவரில் மாட்டியிருக்கிற பாதரசக் குழாயைப் பார்த்திருக்கிறாய். காற்று கனமாக இருந்தால் பாதரசம் ஏறும், லேசானால் இறங்கும். என்றும் முப்பது அங்குலத்தில் நிற்பது அன்று இருபத்தெட்டரைக்கு இறங்கிவிட்டது. பாஸ்கோ ஐயா அதைத் தட்டித் தட்டிப் பார்த்து, "காத்து எளைச்சுப்போச்சு கெசையா, கடையை மூடு" என்றார். நான் கையில் மாத்திரைச் சிமிழோடு நின்றுவிட்டேன். காற்று இளைக்குமென்றால் காற்றுக்குப் பதினைந்து என்று எப்படி எழுதினேன்?

நம் ஊரில் பரமண்டல ஜெபத்துக்கு முன்பே அதைக் கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள். பதினைந்தைக் கூட்டு, பதினைந்தைக் கூட்டு. கடலோரத்தில் பிறந்து கடலோரத்தில் இயந்திரம் ஓட்டுகிற சனம். எல்லாருக்கும் அது ஆண்டவர் எழுதிவைத்த எண். நீயோ மலை உச்சியில் இருக்கிறாய். உன் பருப்பு வேகவில்லை, தேநீர் சூடேறவில்லை. அங்கே காற்று இளைப்பு, அதனால் தண்ணீர் முழுச் சூடு ஏறும் முன்பே அவசரப்பட்டுக் கொதித்துவிடுகிறது. மே மாதமே நீ எழுதியிருந்தாய். நான் படித்துச் சிரித்தேனே தவிர யோசிக்கவில்லை.

பாதரசம் எத்தனை அங்குலமோ அதில் பாதிதான் காற்றின் ராத்தல். முப்பதுக்குப் பதினைந்து. அங்கே நில அளவைக்காரரிடம் ஒரு குழாய் இருக்கும், போய்ப் பார். உன் பதில் வந்து நான் எழுதினால் நாலு மாதம் ஓடிவிடும். ஆகவே மூன்று அளவுக்கும் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். இருபத்தேழு அங்குலம் என்றால் வால்வை மூன்றடி எட்டங்குலத்தில் மூடு. இருபத்துநாலு என்றால் நாலடி. இருபத்தொன்று என்றால் நாலரை அடி. விறகு கூடுதலாகச் செலவாகும், ஆகட்டும். பழைய வேலை அப்படியே வந்துவிடும்.

இருபது ராத்தல் நிஜமாகவே இருந்தது தம்பி. அடுப்பில் குறையில்லை. நான்தான் இல்லாத காற்றைக் கூட்டினேன்.

பதிலுக்குத் தவிக்கும்,
கெசையா


சான் அமாரோ
1853 ஜனவரி 6

அன்புள்ள அக்கா,

நல்ல சுகம், இந்த முறை நிஜமாகவே.

உன் கடிதம் இரண்டாம் தேதி வந்தது. பாதரசம் இருபத்தோரங்குலமும் ஒரு மயிரிழையும். நாலரை அடியில் மூடினேன். முதல் வீச்சிலேயே பிஸ்டன் பத்தடியும் போய் நின்றது. பக்கத்தில் இருந்தவர்கள் தொப்பியைத் தூக்கிப் போட்டார்கள். நான் அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். நேற்றுக்குள் தண்ணீர் முழங்காலளவுக்கு இறங்கிவிட்டது. உனக்கு எப்படி நன்றி சொல்வேன்?

இனி நீ கேட்டது. ஆம், கேப்டன் படித்தார். தூங்குவதையும் படித்தார், விறகு வேறு வீட்டுக்குப் போவதையும் படித்தார். "கேலிக்கு எழுதியிருக்கா சார்" என்றேன். "கேலியோ கீலியோ, கணக்கு என்ன சொல்லுது? நீராவி இல்லங்குது. நீராவி இல்லன்னா விறகு எங்க போச்சு?" என்றார். செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி எவுசேபியோவை விறகுத் திருடன் என்று சுரங்கத்துக் காவல் அறையில் பூட்டினார்கள். நான் இரண்டு முறை போய்க் கேட்டேன். மூன்றாம் முறை போகவில்லை. கணக்குப் பொய் சொல்லாது என்று நானும்தான் நம்பினேன் அக்கா. புதியவன் வந்தும் வீச்சு குறைந்தபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். கேப்டன், "இவனும் திருடக் கத்துக்கிட்டான்" என்று முடித்துவிட்டார்.

நாலாம் தேதி உன் தாளை அவர் முன் விரித்தேன். எண்களை விரல் வைத்துப் படித்தார். சாவியை என்னிடம் எறிந்து, "போய்த் திற. நாளைக்கு வேலைக்கு வரச் சொல்" என்றார். அவ்வளவுதான். நூற்றுப்பதினாலு நாளுக்கு அவ்வளவுதான்.

கார்ன்வாலிலிருந்து டிகொரியின் அக்கா கணக்குப் போட்டு விடுவித்தார் என்றுதான் இங்கே பேச்சு. உன் முதல் கணக்கில்தான் பிழை, அந்தக் கேலியும் உன்னுடையது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. கேப்டனும் வாய் திறக்கமாட்டார். நீயும் விட்டுவிடு. எவுசேபியோ உனக்குச் சொல்லி எழுதவைத்த கடிதத்தை நம் மொழியில் மாற்றி (தோன்யா என்றால் அம்மணி) இத்துடன் வைத்திருக்கிறேன்.

என்றும் கடன்பட்ட,
டிகொரி


சான் அமாரோ
1853 ஜனவரி 6

மதிப்புக்குரிய தோன்யா கெசையா அவர்களுக்கு,

கடவுள் தங்களுக்கும் தங்கள் தாயாருக்கும் நீண்ட ஆயுள் தரட்டும். எனக்கு எழுத வராது, சந்தையில் கடிதம் எழுதுகிறவர் எழுதுகிறார். ஆகவே அழகாக இருப்பதெல்லாம் அவருடையது.

கதவு திறந்தது. தங்கள் கடிதம் கடல் தாண்டி வந்து திறந்தது என்று தம்பி டிகொரி சொன்னார். நான் உள்ளே இருந்த நாளெல்லாம் என் மனைவி ரெஃபூஹியா ரொட்டி கொண்டுவந்தாள். வழியில் யாரும் அவளோடு பேசவில்லை. திருடன் பெண்டாட்டி என்றால் அப்படித்தானே. இன்றைக்கும் பேசவில்லை. போகட்டும், நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். வெயிலில் உட்கார்ந்திருக்கிறேன். அதற்குத் தங்களுக்கு நன்றி.

ரெஃபூஹியா தங்கள் பெயரில் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறாள். தங்கள் குடும்பம் வேறு சபை என்று டிகொரி சொன்னார். "மாதாவுக்கு அதெல்லாம் தெரியாதா என்ன, நீ சும்மா இரு" என்று அவரை அடக்கிவிட்டாள்.

வணக்கத்துடன்,
எவுசேபியோ


ரெட்ரூத்
1853 மார்ச் 3

தம்பி டிகொரிக்கு,

அம்மா நலம். என்னைக் கேட்காதே.

விட்டுவிடச் சொல்கிறாய். என்னைக் காப்பாற்ற நினைத்தாய், அது புரிகிறது, அதற்காக உன்மேல் பாசம்தான் வருகிறது. ஆனால் அந்த நன்றியை வாங்கி வைத்துக்கொண்டு நான் எப்படித் தராசைத் தொடுவேன்? இத்துடன் உள்ள கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டு. ஒரு சொல்லையும் மெழுகாதே. உன் பங்கை நீ உன் வாயால் சொல்லிக்கொள்.

கெசையா


ரெட்ரூத்
1853 மார்ச் 3

மதிப்புக்குரிய எவுசேபியோ அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் மனைவியாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

தாங்கள் எனக்கு நன்றி சொன்னீர்கள். கதவைத் திறந்த கணக்கு என்னுடையதுதான். ஆனால் கதவைப் பூட்டிய கணக்கும் என்னுடையதே. மலையில் காற்று இளைத்திருக்கும் என்று நினைக்காமல், எங்கள் ஊர்க் காற்றைத் தங்கள் கொதிகலனில் கூட்டினேன். அது பிழை. இரண்டாவது செய்தது பிழையல்ல, குற்றம். இயந்திரம் ஏன் தவறுகிறது என்று தெரியாதபோது, தெரியாது என்று எழுதாமல், தாங்கள் தூங்குகிறீர்களோ, விறகு வேறு வீட்டுக்குப் போகிறதோ என்று கேலியாக எழுதினேன். தங்களை நான் பார்த்ததுகூட இல்லை. எழுதும்போது சிரித்தேன்.

ஆகவே இதையும் என் கையால் எழுதுகிறேன். சான் அமாரோ இயந்திரத்தின் அழுத்தம் ஒரு நாளும் இருபதுக்குக் குறையவில்லை. அதற்கு வேண்டிய விறகு ஒவ்வொரு கட்டையும் அடுப்புக்குள் போயிருக்கிறது. எவுசேபியோ ஒரு சுள்ளிகூட எடுக்கவில்லை. அவர் தூங்கவுமில்லை. கணக்கு இத்துடன் உள்ளது, யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். இதைத் தாங்கள் யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம்.

மன்னிப்பு கேட்கிறேன். தராவிட்டாலும் நியாயமே.

கெசையா


சான் அமாரோ
1853 மே 10

மதிப்புக்குரிய தோன்யா கெசையா அவர்களுக்கு,

தாங்களும் தாயாரும் நலமென்று நம்புகிறேன். இங்கே அனைவரும் நலம். சந்தை எழுத்தாளர் எழுதுகிறார், தம்பி டிகொரி மாற்றித் தருவார். அவர் தம் பங்கைச் சொல்லிவிட்டார். மூன்றாம் முறை போகாததையும் சொன்னார். இப்போது மறுபடி என் ரொட்டியைத் தின்கிறார்.

எனக்குத் தெரியும், தோன்யா. என்னைப் பூட்டிய அன்று கேப்டன் தங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தம் அரைகுறை ஸ்பானிய மொழியில் என் முகத்துக்கு நேரே படித்தார். "நீ தூங்குறியாம், விறகு வேற வீட்டுக்குப் போகுதாம், டிகொரியோட அக்காவே எழுதியிருக்கா" என்றார். ஆகவே ஜனவரியில் நன்றி எழுதவைத்தபோது யாருக்கு எழுதுகிறேன் என்று தெரிந்துதான் எழுதவைத்தேன். ரெஃபூஹியாவிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மெழுகுவர்த்தியைத் தலைகீழாக ஏற்றியிருப்பாள்.

அந்த நன்றி பொய்யல்ல. தான் போட்ட கணக்கைத் திரும்பப் புரட்டி, தப்பு என்னிடம்தான் என்று சொல்கிற ஆள் எங்கள் சுரங்கத்தில் ஒருவரும் இல்லை. தாங்கள் சொன்னீர்கள், கதவு திறந்தது. ஆனால் கேப்டன் திறந்தது கதவை மட்டும்தான். இயந்திரத்தில் கோளாறு இருந்தது என்று எல்லாருக்கும் சொன்னார். நான் திருடவில்லை என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. மறுபடி வேலைக்குப் போனேன், ஊரார் விறகுக் கட்டுகளை எண்ணிப் பார்த்தார்கள். நான் பாடுவதை விட்டிருந்தேன்.

எவுசேபியோ ஒரு சுள்ளிகூட எடுக்கவில்லை என்று முதல்முதலில் எழுதிக் கையெழுத்திட்டவர் தாங்கள்தான். டிகொரி அதை வாசித்தபோது திரும்ப வாசிக்கச் சொன்னேன். நாலு முறை வாசித்தார்.

போன ஞாயிறு பூசை முடிந்து எல்லாரும் வெளியே வரும்போது, கோயில் வாசலில் பாதிரியார் அதை எங்கள் மொழியில் உரக்கப் படித்தார். தங்கள் குற்றத்தையும் படித்தார், அதை மறைக்க வேண்டாம் என்று தாங்களே கேட்டிருந்தீர்கள் என்று டிகொரி சொன்னார். கேப்டனும் தம் வீட்டு வாசலில் நின்று கேட்டார், உள்ளே போய்விட்டார். அவர் சொல்ல இனி ஒன்றுமில்லை.

மன்னிப்பு கேட்டிருந்தீர்கள். கோயிலிலிருந்து எங்கள் வீடு பத்து நிமிட நடை. அன்று ரெஃபூஹியா வீடு வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. வழியெல்லாம் அவளை நிறுத்தி நிறுத்திப் பேசினார்கள்.

நன்றியுடன்,
எவுசேபியோ